மலையில் போடும் கோடு வயலுக்குத் தெரிய வேண்டும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் எந்தெந்தக் கிராமங்கள் ‘சூழல் கூருணர்வுப் பகுதி’ என்பதை வரையறுக்கும் வரைவு அறிவிக்கையை மத்திய அரசு முதன்முதலாக 2014 மார்ச் 10-ஆம் தேதி வெளியிட்டது. அது முடிவாகாமலே காலம் கடந்தது. 2015, 2017, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் வெளியிடப்பட்டு, 2024 ஜூலை 31-ல் ஆறாவது முறையாக வந்தது. வயநாட்டில் மலை சரிந்து ஊர்கள் புதையுண்டதற்கு மறுநாள் அது. ஆறு மாநிலங்களில் 56,825 சதுர கிலோமீட்டர். அதில் தமிழ்நாட்டின் பங்கு 6,914 சதுர கிலோமீட்டர். ஒவ்வொரு முறையும் ஆட்சேபணை தெரிவிக்க 60 நாள் அவகாசம் கொடுக்கப்பட்டது. இந்த ஆறு முறையில் ஒரு முறையாவது அந்த வரைபடத்தைக் கண்ணால் பார்த்த கம்பம் பள்ளத்தாக்கு விவசாயியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

வரைபடம் விஞ்ஞானிகளின் காரியம், வனத் துறையின் காரியம், நமக்கு என்ன என்று விவசாயிகள் இருந்துவிட முடியாது. கூடலூரில் திராட்சைக் கொடிக்குப் பாயும் தண்ணீரும், சின்னமனூர் வாழைக்குப் பாயும் தண்ணீரும், கடமலைக்குண்டில் கிணறு ஊறுவதும் அந்தக் கோட்டுக்கு மேலே என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தவை. கோட்டுக்கு உள்ளே பட்டா நிலம் வைத்திருப்பவருக்கோ அது வாழ்வாதாரப் பிரச்சினை. இரண்டு வகையிலும் இது விவசாயியின் காரியமே.

அளவையால் வந்த தண்ணீர்

கம்பம் பள்ளத்தாக்கு மழை மறைவுப் பிரதேசம். தென்மேற்குப் பருவ மழை மலையின் மேற்குச் சரிவில் கொட்டித் தீர்த்துவிட்டு, இந்தப் பக்கம் காற்றையும் தூறலையும் மட்டுமே அனுப்புகிறது. மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற யோசனை பழையது. ராமநாதபுரம் சமஸ்தானப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789-ஆம் ஆண்டிலேயே ஆள் அனுப்பி மலையைப் பார்த்துவரச் செய்தார். பணம் இல்லாமல் அந்த முயற்சி நின்றது. பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 1895-ல் பென்னி குயிக் அணையைக் கட்டி முடித்தார். மலையைக் குடைந்த சுரங்கம் வழியே தண்ணீர் இந்தப் பக்கம் வந்தது. நீர் பிரியும் முகடு எங்கே, எந்த இடத்தில் மலை குறுகலாக இருக்கிறது, எவ்வளவு உயரத்தில் தண்ணீரை நிறுத்தினால் அது கிழக்கே சரியும் என்பதைச் சங்கிலி பிடித்து அளந்து தெரிந்துகொண்டதால்தான் அது முடிந்தது. லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இன்று இருபோகம் விளைகிறது என்றால், அதற்கு முதல் விதை ஒரு வரைபடமே.

ஆகவே வரைபடத்தைக் கண்டு பயப்பட வேண்டிய ஊர் இது அல்ல. எந்த வரைபடம், யார் போட்டது, எதை விட்டுவிட்டார்கள் என்று கேட்க வேண்டிய ஊர்.

இரண்டு குழுக்கள், இரண்டு கோடுகள்

மாதவ் காட்கில் தலைமையில் மத்திய அரசு 2010-ல் அமைத்த நிபுணர் குழு 2011 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தது. அந்தக் குழு மலைத் தொடர் முழுவதையும் ஏறத்தாழ 9 கிலோமீட்டருக்கு 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் அங்கே மட்டுமே உள்ள செடிகள், அருகிவரும் விலங்குகள், கலையாத காடு, நிலத்தின் உயரம், சரிவு, ஆற்றோரக் காடு ஆகியவற்றைப் பார்த்து மதிப்பெண் போட்டது. மதிப்பெண்ணைக் கொண்டு மூன்று மண்டலங்களாகப் பிரித்து, தாலுகா வாரியாக அறிவித்தது. முறை நல்ல முறைதான். ஆனால் கட்டத்தின் அளவைப் பாருங்கள். ஒரு கட்டம் என்பது 81 சதுர கிலோமீட்டர், அதாவது சுமார் 20,000 ஏக்கர். பள்ளத்தாக்கின் இருபோக நஞ்சை முழுவதையும் ஒரு கட்டத்துக்குள் அடைத்தாலும் இன்னும் 5,000 ஏக்கர் மிச்சம் இருக்கும். அதே கட்டத்தில் ஒரு மூலையில் சோலைக்காடும், இன்னொரு மூலையில் நெல் வயலும் இருக்கலாம். இதை அந்தக் குழுவே அறிந்திருந்தது. முடிவான எல்லையைக் கிராம சபைகள் வரை கொண்டுசென்று பேசித் தீர்மானிக்க வேண்டும் என்று எழுதியும் வைத்தது. அந்தப் பகுதியை யாரும் படிக்கவில்லை. ‘காட்கில் வந்தால் உழ முடியாது’ என்ற பேச்சு மட்டும் ஊர் ஊராகப் பரவியது.

அந்தக் குழு விவசாயிக்குக் கசக்கும் ஒரு யோசனையும் சொன்னது உண்மை. முதல் மண்டலத்தில் 5 ஆண்டிலும், இரண்டாவதில் 8 ஆண்டிலும், மூன்றாவதில் 10 ஆண்டிலும் ரசாயனப் பூச்சிமருந்துகளைப் படிப்படியாகக் கைவிட வேண்டும் என்றது. திராட்சைக்கும் ஏலத்துக்கும் எத்தனை முறை மருந்தடிக்கிறோம் என்பதை அறிந்தவர்களுக்கு இது சாதாரணக் காரியம் அல்ல. அதற்கு ஈடாக என்ன கொடுப்பது, மாறும் காலத்தில் நஷ்டத்தை யார் தாங்குவது என்ற கேள்விகளை விவசாயிகள் எழுப்பியிருக்க வேண்டும். கேள்வி எழும் முன்பே அறிக்கை ஒதுக்கி வைக்கப்பட்டது.

அடுத்து 2012-ல் விண்வெளி விஞ்ஞானி கஸ்தூரிரங்கன் தலைமையில் இன்னொரு குழு வந்தது. 2013 ஏப்ரலில் அறிக்கை தந்தது. இந்தக் குழு தாலுகாவை விட்டுக் கிராமத்தை அலகாக எடுத்துக்கொண்டது. செயற்கைக்கோள் படத்தைக் கொண்டு இயற்கை நிலப்பரப்பு, மனிதர் கைபட்ட நிலப்பரப்பு என்று பிரித்தது. மலைத் தொடரில் ஏறத்தாழ 60 சதவீதம் ஏற்கெனவே வயலாக, தோட்டமாக, ஊராக மாறிவிட்டது என்று கண்டு, மொத்தத்தில் 37 சதவீதத்தை மட்டும் கூருணர்வுப் பகுதி என்றது. ஆறு மாநிலங்களில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்கள் பட்டியலில் வந்தன, தமிழ்நாட்டில் 135.

இந்தப் படத்தின் நுணுக்கம் 24 மீட்டர். அதாவது தரையில் 24-க்கு 24 மீட்டர் உள்ள ஒரு சதுரம் படத்தில் ஒரு புள்ளி. நம் கணக்கில் அது சுமார் 14 சென்ட். முந்தைய கட்டத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். ஆயினும் இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த பிறகு, முடிவைக் கிராமம் முழுமைக்கும் பொதுவாகப் போட்டுவிட்டார்கள். ஒரு வருவாய்க் கிராமத்தில் ஐந்தில் ஒரு பங்கு இயற்கைக் காடாக இருந்தால், கிராமம் முழுவதும் பட்டியலில் வரும். மலையடிவார கிராமங்களின் எல்லை எப்படி ஓடுகிறது என்பது கிராம நிர்வாக அலுவலர்களுக்குத் தெரியும். அடிவாரத்தில் வீடு, அதற்குக் கீழே கண்மாயும் நஞ்சையும், மேலே புஞ்சை, அதற்கும் மேலே ஓடைப் புறம்போக்கு, கடைசியில் காப்புக் காடு. இவை எல்லாம் ஒரே கிராமம், ஒரே கணக்கு. மேலே உள்ள காட்டுக்காகக் கீழே உள்ள நஞ்சையும் பட்டியலில் ஏறிவிடுகிறது. கேரளத்தில் 2013-ல் மலையோர மக்கள் கொதித்தெழுந்ததற்கு இதுவே முக்கியக் காரணம். அந்த மாநில அரசு தனியாக ஒரு குழுவை வைத்து ஊர் ஊராகப் பார்த்து, குடியிருப்பையும் தோட்டத்தையும் கழித்தது; 13,108 சதுர கிலோமீட்டர் என்றிருந்தது 9,993 ஆகக் குறைந்தது. குறைத்தது எல்லாம் சரியா என்பது வேறு விஷயம். கேட்டவர்களுக்குத் திருத்தம் கிடைத்தது என்பதைத் தேனி மாவட்டத்து விவசாயிகள் கவனிக்க வேண்டும்.

வானத்திலிருந்து தெரியாதவை

செயற்கைக்கோள் பச்சையைப் பார்க்கும். அந்தப் பச்சை யாருடையது என்று அதற்குத் தெரியாது. இந்திய வன அளவை நிறுவனத்தின் கணக்கில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மர நிழல் 10 சதவீதம் இருந்தால் அது ‘வனப் பரப்பு’. நிலம் யாருடையது, மரம் என்ன மரம் என்ற வித்தியாசம் அந்தக் கணக்கில் இல்லை. பெரியகுளம் பக்கத்து மாந்தோப்பும், பள்ளத்தாக்கின் தென்னந்தோப்பும் இந்தக் கணக்கில் வனப் பரப்பாக நிற்கக் கூடும். மாறாக, வருசநாட்டுப் பக்கத்தில் கோடையில் இலை உதிர்த்து நிற்கும் இலவ மரத்தை எந்த மாதத்தில் படம் எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து அது மரமாகவோ வெறும் தரையாகவோ தெரியும். நிழல் மரத்தின் கீழ் ஏலமும் காப்பியும் வளரும் சரிவு, மேலிருந்து பார்த்தால் காடு போலவே இருக்கும். ஒரு வகையில் அது காட்டின் வேலையைச் செய்யவும் செய்கிறது. ஆனால் அதில் கை வைப்பவர் விவசாயி. அவர் நிழல் மரத்தைக் கவாத்து செய்வதற்கும் ஒப்பந்தக்காரர் காட்டை வெட்டுவதற்கும் வேறுபாடு உண்டு. இது போன்றவற்றை நேரில் போய்ப் பார்த்துச் சரிபார்ப்பதற்குக் களச் சரிபார்ப்பு என்று பெயர். விஞ்ஞானிகள் இதைச் செய்யாமல் இல்லை. ஆனால் மாதிரிக்குச் சில இடங்களில் மட்டும் செய்கிறார்கள்.

கேரளத்தில் 2022-ல் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். ஒவ்வொரு சரணாலயத்தையும் தேசியப் பூங்காவையும் சுற்றி ஒரு கிலோமீட்டர் அகலத்துக்குப் பாதுகாப்பு வளையம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் 3-ல் உத்தரவிட்டது. வளையத்துக்குள் என்னென்ன கட்டடங்கள் உள்ளன என்று கேரள அரசு செயற்கைக்கோள் வழியே கணக்கெடுத்து டிசம்பரில் வெளியிட்டது. மரத்தடியில் இருந்த வீடுகள் பலவும் அதில் இல்லை. மக்கள் ஆத்திரப்பட்டார்கள். பிறகு சர்வே எண்ணோடு வரைபடத்தை வெளியிட்டு, ஊராட்சிகளில் உதவி மையம் வைத்துப் புகார்களை வாங்க வேண்டியதாயிற்று. பல்லாயிரக்கணக்கில் புகார்கள் வந்தன. எல்லா இடத்துக்கும் ஒரே அளவு வளையம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றமே 2023 ஏப்ரல் 26-ல் தன் உத்தரவைத் தளர்த்தியது. கடைசியில் செய்த வேலையை, அதாவது சர்வே எண்ணோடு ஊராட்சியில் வரைபடத்தை வைக்கும் வேலையை, முதலிலேயே செய்திருந்தால் இவ்வளவு கலக்கம் வந்திருக்காது.

வானத்திலிருந்து தெரியாத இன்னொன்று, நடப்பவர்களின் பாதை. கம்பம் பள்ளத்தாக்கிலும் வருசநாட்டிலும் மலைமாடு வளர்ப்பவர்கள் பருவத்துக்குப் பருவம் மாட்டை மலைக்கு ஓட்டுவதும், அறுவடை முடிந்ததும் கீழே இறக்கி வயலில் கிடை போடுவதும் தலைமுறை வழக்கம். இரவில் மாடுகள் அடைந்த வயலுக்கு அடுத்த போகத்தில் அடியுரம் தனியாகத் தேடவேண்டியதில்லை. மேகமலையில் மேய்ச்சல் பற்றிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் தமிழ்நாட்டின் எல்லாக் காடுகளிலும் மேய்ச்சலைத் தடை செய்தது. பின்னர் அதே மாதத்தில் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றுக்கு மட்டும் என்று மாற்றியது. காட்டில் நோய் பரவுகிறது, இளங்கன்று அழிகிறது என்பது வனத் துறையின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எந்த வழியே மாடு ஏறுகிறது, எத்தனை நாள் எங்கே தங்குகிறது, எந்தப் புல்வெளிக்கு ஓய்வு தேவை என்பதைக் காட்டும் வரைபடம் ஒன்று கிடைதாரர்கள் கையில் இருந்திருந்தால், வாதம் வேறு விதமாக நடந்திருக்கும். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் மேய்ச்சலுக்கும், இடம் பெயர்ந்து மேய்ப்பவர்களுக்கும் சமூக உரிமை கேட்க வழி உண்டு. அதற்குக் கிராம சபை மூலம் எல்லையைக் காட்டும் வரைபடம் கொடுக்க வேண்டும். பளியர் மக்களின் தேன் எடுக்கும் பாறைகளுக்கும் இதே விதிதான். வாய்வழிச் சாட்சி மட்டும் போதாத காலம் இது.

அரிக்கொம்பன் காட்டிய எல்லை

யானைக்கு வரைபடம் தெரியாது. சின்னக்கானலில் தொல்லை கொடுத்த அரிக்கொம்பனைக் கேரள வனத் துறை 2023 ஏப்ரல் 29-ல் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டிப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டது. காப்பகத்தின் எல்லை கேரளத்தோடு முடிகிறது. காடு முடியவில்லை. யானை மேகமலைக்கு வந்தது. மே 27 காலையில் கம்பம் நகரத் தெருவுக்குள்ளேயே வந்துவிட்டது. ஒருவர் உயிரிழந்தார். நகரில் தடை உத்தரவு போடப்பட்டது. ஜூன் 5-ஆம் தேதி அதிகாலையில் தமிழக வனத் துறையினர் அதை மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டு போனார்கள். இடைப்பட்ட நாட்களில் சண்முகாநதி அணைப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் இரவு காவலுக்குப் போகவும் முடியாமல், போகாமல் இருக்கவும் முடியாமல் தவித்தார்கள்.

யானை எங்கே நிற்கிறது என்பதை ரேடியோ காலர் சொல்லியது. எங்கே இறங்கும், எந்த ஓடை வழியாக வரும், எந்தத் தோட்டத்தில் பழம் முற்றியிருக்கிறது என்பதைச் சொல்ல எந்த வரைபடமும் இல்லை. மத்திய அரசு 2023-ல் நாடு முழுவதும் 150 யானை வழித்தடங்களை அடையாளம் கண்டு வெளியிட்டது. பெரிய மந்தைகள் காட்டிலிருந்து காட்டுக்குப் போகும் பாதைகள் அவை. காட்டிலிருந்து தோட்டத்துக்கு இறங்கும் சிறிய பாதைகளைத் தோட்டக் காவலாளிகளே அறிவார்கள். அவற்றைப் புலப்படத்தில் குறித்து வைப்பது ஒரு வாரத்து வேலை. சூரிய மின்வேலிக்கு மானியம் கொடுக்கும்போது எங்கே போட வேண்டும், எங்கே போடக்கூடாது என்பதை அந்தக் குறிப்பு சொல்லும். கண்ட இடத்தில் போட்ட வேலி, யானையைப் பக்கத்துத் தோட்டத்துக்குத் தள்ளுகிறது என்பதை அனுபவித்தவர்கள் பலர்.

எல்லைக் கோடு எவ்வளவு பெரிய காரியங்களைத் தீர்மானிக்கிறது என்பதற்குப் பொட்டிப்புரம் சாட்சி. போடி மேற்கு மலையில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கக் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியைத் தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 மார்ச்சில் நிறுத்தி வைத்தது. கேரளத்தின் மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் வருகிறது என்பதே காரணம். 2018-ல் மத்திய அரசு மறுபடி அனுமதி கொடுத்தது. 2022-ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில், அந்த மலை பெரியாற்றையும் மதிகெட்டானையும் இணைக்கும் புலி வழித்தடத்தில் இருக்கிறது என்று எதிர்ப்புத் தெரிவித்தது. அந்த ஆய்வகம் வேண்டுமா வேண்டாமா என்பதில் மாவட்டத்தில் இரு கருத்து உண்டு. இரு தரப்பும் கையில் எடுத்தது வரைபடத்தையே.

மூலவைகையின் கணக்கு

ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம். சுமார் 1,017 சதுர கிலோமீட்டர். இதில் சுமார் 642 மையப் பகுதி, மீதி சுற்றுப் பகுதி. வைகையின் பிறப்பிடம் இந்த மலைகள்தான். புலிக்காகப் போட்ட கோடு, பார்க்கப்போனால் வைகைக்காகப் போட்ட கோடும் ஆகும்.

வைகை அணை 1959-ல் கட்டி முடிக்கப்பட்டது. முழுக் கொள்ளளவு உயரம் 71 அடி. அதில் சேரும் தண்ணீரில் ஒரு பங்கு பெரியாற்றுத் தண்ணீர், மற்றொரு பங்கு வருசநாட்டு மலையிலிருந்து வரும் மூலவைகைத் தண்ணீர். மலை உச்சியில் புல்வெளியும் மடிப்புகளில் சோலையும் இருந்தால், பெய்த மழையை அவை பிடித்து வைத்து மாதக்கணக்கில் கசியவிடும். சரிவு மொட்டையானால் தண்ணீர் இரண்டு நாளில் ஓடி வந்துவிடும். வரும்போது மண்ணையும் கொண்டு வரும். அந்த மண் அணையில் படிந்து, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரை கடைமடைக்காரர்களின் தண்ணீரில் கையை வைக்கும். எந்தச் சரிவில் எவ்வளவு மண் அரிக்கும் என்பதைச் சரிவு, மண் வகை, மழை, மேல்மூடாக்கு ஆகிய நான்கையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் கணிக்கலாம். இது இன்று கணினியில் எளிதாகச் செய்யக்கூடிய காரியம். அப்படிச் செய்தால், ஆண்டிபட்டி, உத்தமபாளையம் தாலுகாக்களில் முதலில் கல்வரப்பும் தடுப்பணையும் போட வேண்டிய ஓடை எது, மரமே போதும் என்ற ஓடை எது என்பது புல எண் வரை தெரிந்துவிடும். இப்போது தடுப்பணைகள் பெரும்பாலும் லாரி போகும் பாதை உள்ள இடத்தில் கட்டப்படுகின்றன என்பது ஊரறிந்த ரகசியம்.

வருசநாட்டில் சரிவில் முந்திரியும் இலவமும் வைத்துப் பிழைக்கும் குடும்பங்களைப் பற்றிப் பேசாமல் இதைப் பேச முடியாது. அவர்களில் பட்டா உள்ளவர் உண்டு, இல்லாதவர் உண்டு. பளியர் உண்டு, பின்னால் வந்து குடியேறியவர் உண்டு. எல்லோரையும் ‘ஆக்கிரமிப்பாளர்’ என்ற ஒரே வார்த்தையில் அடைப்பதும் தவறு. எல்லோரும் காலங்காலமாக இருந்தவர்கள் என்று சொல்வதும் தவறு. இதைப் பிரித்துக் காட்டவும் வரைபடம் உதவும். பழைய செயற்கைக்கோள் படங்கள் 1970-களிலிருந்து இருக்கின்றன. எந்தச் சரிவு எந்த ஆண்டில் தோட்டமாயிற்று என்பதை அவற்றில் ஓரளவு பார்க்கலாம். விவசாயிக்கு எதிராக மட்டும் அல்லாமல், அவருக்கு ஆதரவாகவும் அதே சாட்சியத்தைப் பயன்படுத்த வேண்டும்.

மரம் வைத்திருப்பவருக்குக் கூலி

2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் கூடிய உலக நாடுகள், 2030-க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைக் காப்பது என்று ஒப்புக்கொண்டன. எல்லா நிலப்பரப்பையும் அங்கங்கே வாழும் மக்களோடு சேர்ந்து திட்டமிடுவது என்பது அந்த ஒப்பந்தத்தின் முதல் இலக்கு. இந்தியாவும் அதில் ஒரு தரப்பு. தென்னாப்பிரிக்காவில் முக்கியமான இடங்களைக் குறித்த வரைபடம் உள்ளாட்சிகளின் கையில் இருக்கிறது. நிலத்தைப் பயன்படுத்த அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்தால் முதலில் அதைத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள். கோஸ்டாரிகா என்ற சின்னஞ்சிறு நாடு இன்னும் ஒரு படி மேலே போனது. 1996-ல் வனச் சட்டம் இயற்றி, மறு ஆண்டிலிருந்து, தன் நிலத்தில் காட்டை அழிக்காமல் வைத்திருக்கும் நிலச் சொந்தக்காரருக்குப் பணம் கொடுத்து வருகிறது. பெட்ரோல் மீது போட்ட வரியிலிருந்து அந்தப் பணம் வருகிறது. எந்த நிலத்துக்கு முதலில் கொடுப்பது என்பதை வரைபடம் காட்டுகிறது.

இங்கே வரைபடம் என்றால் தடை என்று மட்டுமே விவசாயி புரிந்துகொண்டிருக்கிறார். வரைவு அறிவிக்கையைப் படித்தால், அதில் தடை செய்யப்படுபவை சுரங்கம், கல்குவாரி, மணல் அள்ளுதல், புதிய அனல் மின் நிலையம், சிவப்பு வகைத் தொழிற்சாலை, 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடம் ஆகியவை. உழுவதற்கும் நடுவதற்கும் தடை இல்லை. குவாரிக்காரருக்கும் சொகுசு விடுதி கட்டுபவருக்கும் இது கசப்பதில் வியப்பு இல்லை. அவர்கள் விவசாயியின் தோளில் துப்பாக்கியை வைத்துச் சுடுவதைத்தான் விவசாயி புரிந்துகொள்ள வேண்டும். அதே நேரத்தில், ‘தடை இல்லை’ என்பதோடு அரசின் கடமை முடிந்துவிடாது. மலைச் சரிவில் மரத்தை வெட்டாமல், ஓடைக் கரையை உழாமல் விட்டு வைக்கும் ஒருவர் ராமநாதபுரம் வரை உள்ள விவசாயிகளுக்குச் சேவை செய்கிறார். அவருக்கு வருடா வருடம் ஒரு தொகை கொடுப்பது தர்மம் அல்ல, கூலி. காட்கில் குழுவும் இப்படிப்பட்ட ஊக்கத் தொகையை வற்புறுத்தியது. தடைப் பட்டியல் ஆறு முறை வெளிவந்தது. ஊக்கத் தொகைப் பட்டியல் ஒரு முறைகூட வரவில்லை.

சர்வே எண்ணோடு வரைபடம் வந்தால் நாளைக்கு அதிகாரிகள் அதை வைத்தே நிலத்தைப் பிடுங்குவார்களே என்று சிலர் அஞ்சுகிறார்கள். அஞ்சுவதற்குப் பழைய அனுபவங்கள் உண்டு. ஆனால் வரைபடம் அதிகாரியிடம் ஏற்கெனவே இருக்கிறது. விவசாயியிடம் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் காரியமும் அல்ல. பட்டாவும் புலப்படமும் இன்று அரசின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. புலிகள் காப்பகத்தின் எல்லை, சூழல் கூருணர்வுக் கோடு, காப்புக் காட்டின் எல்லை, ஓடைகள் ஆகியவற்றை அந்தப் புலப்படங்களின் மேல் பொருத்தி, கிராமத்துக்கு ஒரு தாள் வீதம், தமிழில் அச்சடித்துக் கிராம நிர்வாக அலுவலகத்திலும் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும். தமிழில் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வெளியிட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றமே உத்தரவிட வேண்டிவந்தது. நிலம் தமிழில் பத்திரமாகிறது. அதன் மேல் போடும் கோடு மட்டும் ஏன் வேற்று மொழியில் வர வேண்டும்?

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மலையோர ஊராட்சிகளில் அடுத்த கூட்டத்துக்கு இந்தத் தாளைக் கேட்டு இப்போதே மனுக் கொடுக்கலாம். சர்வேயர், வனவர், தோட்டக்கலை அலுவலர் ஆகிய மூவரையும் அன்றைக்கு வரச் சொல்ல வேண்டும். தோப்பு என்று இருப்பது காடு என்று வரையப்பட்டிருக்கிறதா, ஓடை விடுபட்டிருக்கிறதா, மாட்டுத் தடமும் யானை இறங்கும் வழியும் எங்கே என்பதைப் பெரியவர்களை வைத்துத் தாளிலேயே பென்சிலால் குறிக்கலாம். குறித்த தாளின் ஒரு நகலைத் தீர்மானத்தோடு மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பிவிட்டு, மூலத்தை ஊராட்சிக் கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். வரைவு மறுபடி வெளியானால் ஆட்சேபணைக்குக் கிடைக்கும் 60 நாளில் தேடவேண்டிய முதல் காகிதம் அதுதான்.